சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா?

கேள்வி: மாடியில் லவுஞ்ச், கீழே உணவகம். சாப்பாடு பிரமாதம். பில்லில் மட்டும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். கேட்டால் ‘ஹவுஸ் பாலிசி சார்’ என்கிறார்கள். கொடுத்துத்தான் ஆகணுமா?

– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். லவுஞ்சில் விளக்கை மங்கலாக வைப்பது அவர்கள் உரிமை. பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பது உங்கள் உரிமை! சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, அபராதமும் விதித்தது.

இதை ஜி.எஸ்.டி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வரி, கட்டியே ஆகணும். தனி உணவகங்களில் பொதுவாக 5 சதவீதம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். சர்வீஸ் சார்ஜோ அரசுக்குப் போகிற காசே அல்ல. அதையும் சேர்த்த தொகைக்கு ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அதுவும் கூடாது.

ஒரு விஷயம் மட்டும். நள்ளிரவு வரை கால்கடுக்க நின்று, முகம் கோணாமல் பரிமாறிய பையன் மீது கோபத்தைக் காட்டாதீர்கள். பாலிசி போட்டது அவர் இல்லை. மனசுக்குப் பிடித்திருந்தால் டிப்ஸை அவர் கையிலேயே கொடுங்கள். மேலாளரிடம் சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு 1915-க்கு போன் போடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.