அந்துருண்டையின் அகத்திணை

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற சந்தேகத்துக்கு ஒரு பாண்டிய மன்னன் ஆயிரம் பொற்காசு எடுத்து வைத்தான். அதை வாங்கத் தருமி வந்தான். தருமிக்காகச் சிவனே வந்தார். சிவனோடு நக்கீரர் மல்லுக்கு நின்றார். 1965இல் ‘திருவிளையாடல்’ என்று அதைப் படமாக எடுத்த ஏ. பி. நாகராஜன், நக்கீரர் வேடத்தையும் தானே போட்டுக்கொண்டார். இத்தனை பேர் தலையிட்ட வழக்கில் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று விசாரணைக்கே வரவில்லை. பாட்டி வீட்டு பீரோவின் மணம் இயற்கையா, செயற்கையா? அதை முகர்ந்த மாத்திரத்தில் ஐம்பது வயது ஆசாமி ஏன் அரை டிராயர் போட்ட பையனாகிவிடுகிறார்? பரிசுத்தொகை எதுவும் அறிவிக்கப்படாததால் புலவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியர் மீதும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள்களை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தவர், மணத்தை விட்டுவிட்டார். எறும்புக்கும் கறையானுக்கும் மூக்கறிவு உண்டு என்று மரபியலில் கவனமாகக் குறித்தவர் அவர். அப்படிப்பட்டவர் மனிதர் மூக்கைத் திணைக்கணக்கில் சேர்க்காதது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது. அந்தக் குறையை ஒரு பீரோ அளவுக்காவது நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப்பொருள், பீரோவுக்குள் கிடக்கும் அந்த வெள்ளை உருண்டை. ஊருக்கு ஊர் அந்துருண்டை, பாச்சை உருண்டை, பூச்சி உருண்டை, ரசகற்பூரம் என்று அதற்குப் பெயர் மாறும். வேதியியலார் நாப்தலீன் என்பார்கள்: பத்து கார்பன், எட்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். 1820களின் தொடக்கத்தில் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெயர் சூட்டியவர் ஜான் கிட். 1826இல் அதன் சேர்மானத்தைக் கணக்கிட்டவர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத்தைக் கட்டி மேய்த்த அதே ஃபாரடேதான். பாட்டி பீரோவுக்கு அவர் ஆற்றிய தொண்டை யாரும் சிலை வைத்துக் கொண்டாடவில்லை.

கள ஆய்வுக்கு உகந்தது இரும்பு பீரோ. பச்சையோ சாம்பலோ பெயின்ட் அடித்திருக்கும். கைப்பிடியைத் திருகினால் தெரு முனை வரை கேட்கிற மாதிரி ‘டடக்’ என்று ஒரு சத்தம். கதவில் ஆளுயரக் கண்ணாடி, அதன் ஓரத்தில் பசை போன நாலைந்து ஸ்டிக்கர் பொட்டு. தட்டுகளில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். துணியைத் தூக்கினால் எந்தக் காலத்து மந்திரியோ சிரிப்பார். மேல்தட்டில் பழைய வெள்ளை வேட்டியில் பொதிந்த பட்டுப்புடவைகள். லாக்கருக்குள் நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த ஒற்றைத் தோடு (அதன் ஜோடி எங்கே என்று கேட்கக்கூடாது). கீழ்த்தட்டில் கஞ்சி போட்ட நூல்சேலைகள், அவற்றின் மடிப்புக்குள் மைசூர் சாண்டல் சோப்பின் காலி உறை. மூலைக்கு மூலை, கிழிந்த துணித்துண்டில் முடிந்த அந்துருண்டை.

இந்த ஏற்பாட்டில் விஞ்ஞானம் பாதி, பழக்கம் பாதி. துணியைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. அதற்கு வேண்டியது கம்பளி, பட்டு போன்ற விலங்கு நார். சுத்தமான பருத்தியில் அதற்கு அவ்வளவாகப் பிரியமில்லை. அப்படியானால் நூல்சேலைக்குக் காவல் எதற்கு? கஞ்சிக்காக. மாவுச்சத்து என்றால் உயிரை விடும் ராமபாணப் பூச்சி கீழ்த்தட்டின் நிரந்தர வாடிக்கையாளர். பட்டுக்குப் பக்கத்தில் உருண்டையைப் போடாதீர்கள், ஜரிகை கறுத்துவிடும் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லி அனுப்புவார். பாட்டி தலையாட்டிவிட்டு வந்து போடுவாள்.

உருண்டை உருகுவதற்கு 80 டிகிரி வெப்பம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில்கூட பீரோ அவ்வளவு சுடுவதில்லை. ஆனாலும் அது இளைக்கிறது. திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். கற்பூரத்தோடு சேர்த்து அந்துருண்டையைத்தான் அறிவியல் வாத்தியார் உதாரணம் காட்டுவார். கோலிக்குண்டு அளவில் உள்ளே போனது, மாதங்கள் செல்லச் செல்ல மூக்குக்கடலை அளவாகி, அடுத்த தீபாவளிக்கு முடிச்சை அவிழ்த்தால் துணி மட்டும் இருக்கும். போனது எங்கே? பாதி பூச்சி மேல், மீதி புடவை மேல். ஒரு துளி பேரப்பிள்ளைகளின் மூக்கு வழியாக உள்ளே போய்விட்டது. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்தத் துளி.

உள்ளே போன துளி என்ன செய்கிறது? கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மூளைக்குள் போனால் முதலில் தலாமஸ் என்ற இடத்தில் பதிவாக வேண்டும். தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது மாதிரி, அங்கிருந்துதான் மேலே போகும். மணத்துக்கு அந்த வரிசை கிடையாது. மூக்கின் உச்சியிலுள்ள நுகர்நரம்புகள் வழியே அது நுகர்குமிழுக்குப் போய், அங்கிருந்து உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கும், நினைவைக் கட்டிக்காக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கத்துக்கும் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும். வாசலில் செருப்பைக் கழற்றி, குசலம் விசாரித்து, உட்காரச் சொன்ன பிறகு உட்காருகிற விருந்தாளி பார்வை. கொல்லை வழியே வந்து அடுப்படியில் நிற்கிற சொந்தக்காரப் பையன் வாசனை. அதனால்தான் ‘இது என்ன வாசனை’ என்று பெயர் சொல்வதற்கு முன்பே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மூக்கில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004இல் நோபல் பரிசு வந்தது. ஆயிரம் பொற்காசைவிடக் கூடுதல்தான். வேடிக்கை என்னவென்றால், நுகர்நரம்புச் செல்கள் ஆயுள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைப்பவை. ஏழு வயதில் பீரோவை முகர்ந்த செல்கள் எப்போதோ காலமாகிவிட்டன. சாட்சிகள் யாரும் உயிரோடு இல்லாத நிலையில் சாட்சியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தத் துறையில் யார் வாயைத் திறந்தாலும் மார்செல் புரூஸ்ட் வந்துவிடுவார். 1913இல் வெளிவந்த அவருடைய நாவலின் முதல் தொகுதியில், தேநீரில் நனைத்த மாதலேன் கேக் துண்டு ஒன்று பால்யத்தையே கிளப்பிவிடுகிறது. இரண்டு செய்திகளைச் சபையில் வைக்க வேண்டும். முதலாவது, ஆரம்ப வரைவுகளில் அது கேக்கே இல்லை; வறுத்த ரொட்டியாக இருந்து, பிறகு ரஸ்க் மாதிரி ஒன்றாகி, கடைசியில்தான் மாதலேன் ஆனது. ரஸ்க்கோடு நின்றிருந்தால் தமிழ்நாட்டு டீக்கடை பெஞ்சு முழுக்க புரூஸ்ட் வாசகர்கள் இருந்திருப்பார்கள். இரண்டாவது, அந்த நினைவு பட்டென்று வரவில்லை. மனிதர் இன்னும் ஒரு மிடறு, இன்னும் ஒரு மிடறு என்று குடித்து, கண்ணை மூடி, பக்கக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார். பீரோவில் அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. ‘டடக்’ என்ற சத்தம் அடங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

புரூஸ்டை விட்டால் ஆராய்ச்சிக்கூடத்துச் சான்றும் உண்டு. சைமன் சூ, ஜான் டவுன்ஸ் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முதியவர்களுக்குச் சொல்லைக் கொடுத்தபோது 11 வயதிலிருந்து 25 வயது வரையிலான நினைவுகள் அதிகம் வந்தன. மணத்தைக் கொடுத்தபோதோ 6 முதல் 10 வயதுக்குள் போய் நின்றார்கள். சொல், கல்லூரி வாசலில் இறக்கிவிடும் பஸ்; மணம், ஒன்றாம் வகுப்பு வரை போகிற வண்டி. இங்கிலாந்தின் யார்க் நகரில் யோர்விக் என்று ஒரு வைக்கிங் அருங்காட்சியகம் இருக்கிறது. எரிந்த விறகு, மீன் சந்தை, குப்பை என்று பழைய ஊரின் வாடைகளை அங்கே வேலைமெனக்கெட்டுப் பரப்பி வைத்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் அதே வாடைகளைக் காட்டிக் கேள்வி கேட்டபோது, பார்த்தவற்றைக் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. காசு கொடுத்துக் குப்பை நாற்றம் முகர்ந்ததற்குப் பலன் இல்லாமல் போகவில்லை.

நாற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. சங்கப் புலவர்கள் காலத்தில் பூ நாறியது, காதலியின் கூந்தல் நாறியது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் மற்ற சொற்களில் தமிழ் கறார். மல்லிகைக்கு மணம், மீனுக்குக் கவிச்சி, ஈரத்துணிக்கு வாடை, மிளகாய் தாளித்தால் நெடி. மூக்குக்குள் எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்வது மணநரம்பு அல்ல, முக்கிளை நரம்பு என்று உடலியலார் பிரித்துச் சொல்கிறார்கள். அந்தப் பிரிவினையை ‘நெடி’ என்ற ஒரே சொல்லில் அடுப்படி எப்போதோ முடித்து வைத்துவிட்டது.

இனி இக்கட்டுரையின் மையக் கருதுகோள். பீரோ மணம் பாட்டிக்குத் தெரியாது. ஒரே மணத்தில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களில் மூக்கு அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறது. தினமும் பீரோவைத் திறப்பவள் முகர்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. முழுப்பரீட்சை லீவுக்கு வந்து, ஜூனில் பள்ளி திறக்க ஊர் திரும்பிய பிள்ளைகளுக்குத்தான் அது வாசனை. வீட்டு மணம் வீட்டை விட்டுப் போனவரின் சொத்து. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த ‘ஃபாரின் வாசனை’யும் இதே சாதி. கோடாலித் தைலமும் சோப்பும் புதுத்துணியும் சேர்ந்த அந்த மணத்துக்காகத் தெருவே கூடியபோது, சித்தப்பாவுக்கு மட்டும் எதுவும் மணத்திருக்காது. அவர் மூக்கு திண்ணையில் காயும் நெல்லைத் தேடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆய்வு நேர்மை கருதி எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். நாப்தலீன் சாது அல்ல. ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, உருண்டையோடு கிடந்த துணியைத் துவைக்காமல் உடுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலீன் உருண்டைகளைத் தடைசெய்துவிட்டது. அடுக்குமாடி வீட்டு வார்ட்ரோபில் இப்போது தொங்குவது லாவெண்டர் பொட்டலம். அதற்கும் 2060 வாக்கில் யாராவது கண் கலங்கக்கூடும். அந்த ஆய்வை வருங்காலத்துக்கே விட்டுவிடலாம்.

பாட்டி போன பிறகு புடவைகள் பங்கு பிரிக்கப்படும். ஒரு மகள் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்து மணத்தைத் தொலைத்துவிடுவாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, திறந்தால் போய்விடும் என்று திறக்காமலே வைத்திருப்பாள். மூன்றாவது மகள் செயல்வீரர்: மளிகைக்கடையில் அந்துருண்டைப் பாக்கெட் ஒன்று வாங்கி, புடவை மடிப்பில் போட்டு, ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்ப்பாள். இருக்கும், ஆனால் அது இல்லை. பழைய செய்தித்தாளைச் சேர்ப்பாள். நூல்சேலைக்குக் கஞ்சி போடுவாள். வெற்றிலைச் செல்லத்தைக் கொண்டுவந்து ஓரமாக வைப்பாள். பீரோவைச் சாத்தி, திறந்து, முகர்ந்து, மறுபடி சாத்துவாள். பக்கத்து அறையிலிருந்து புருஷன், “என்ன தேடுறே?” என்று கேட்பார்.

“சோப்பு உறை” என்பாள்.