மஞ்சள் ஒயரும் உப்புக் காற்றும்: நெய்தல் நிலத்து டிவிடி படத்தெளிவு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர வீடுகளில் டிவிடி பிளேயர் என்னும் கருவி தரும் படம் ஏன் கலங்குகிறது, அதைத் தெளிவிப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொண்டி முதல் தனுஷ்கோடி வரையும், மண்டபம் முதல் சாயல்குடி வரையும் ஆய்வெல்லை. கருதுகோள் ஒன்றே: குற்றம் டிவிக்குப் பின்னால் இருக்கிறது; விசாரணை முழுவதும் முன்னால் நடக்கிறது.

1. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முன்னோடிகள் மொட்டைமாடியில் தோன்றினர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோதும் அதன் அலை சேதுச்சீமையை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது, எட்டிவிட்டது. இரு நாடுகளும் 1974-இல் ஒப்பந்தம் போட்டுக் கடலில் எல்லைக்கோடு வகுத்திருந்தன. ரூபவாஹினி அந்த ஒப்பந்தத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. வெக்கைக் காலத்து மாலைகளில் கடலுக்கு மேலே காற்று சூடும் ஈரமும் மாறிய அடுக்குகளாகப் படியும்போது, ஒளிபரப்பு அலை அவற்றுக்கிடையே வளைந்து வழக்கத்தைவிட நெடுந்தூரம் போகும் என்பது இயற்பியல். அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது என்பது நம்மவர் வழக்கு. சிங்களம் ஒரு சொல்லும் அறியாதவர்கள் சிங்களச் செய்தியை முழுவதும் உட்கார்ந்து பார்த்தனர். படம் தெளிவாகத் தெரிந்தது. அதற்குமேல் காரணம் வேண்டியிருக்கவில்லை.

அக்கால ஆய்வுக்குழுவில் மூவர் உண்டு. மாடியில் ஆண்டெனாக் குழாயைத் திருப்புபவர் முதலாமவர். முற்றத்தில் நின்று செய்தி கடத்துபவர் இரண்டாமவர். டிவி முன்னே அமர்ந்து தீர்ப்பு வழங்குபவர் மூன்றாமவர். இவர்களுக்கிடையே நிகழ்ந்த அறிவுப் பரிமாற்றம் வருமாறு:

“தெரியுதா?”

“புள்ளி புள்ளியாத் தெரியுது.”

“இப்ப?”

“போச்சு, போச்சு! பழைய இடத்துக்கே திருப்புங்க!”

பழைய இடம் எது என்பது இத்துறையில் இன்றுவரை தீராத சிக்கல்.

பின்னாளில் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் 323 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரம் எழுப்பியது. பாரிஸின் ஈபிள் கோபுரத்துக்கு அது சில மீட்டர்தான் குறைவு. மாடியில் ஏறியவர்கள் இறங்கினர். ஆனால் கையால் எதையாவது அசைத்தால் படம் திருந்தும் என்ற நம்பிக்கை அவர்களோடு சேர்ந்து இறங்கி, கூடத்துக்குள் வந்து, டிவிடி பிளேயருக்கு எதிரே அமர்ந்துகொண்டது.

2. முதல், கரு, உரி

கடலும் கடல்சார்ந்த இடமும் முதற்பொருள். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மின்வெட்டுக்கும் உரிய பொழுதுகளில் அது ஒன்று. கருப்பொருள்களாவன: பிளேயர், ஸ்டெபிலைசர், பாலித்தீன் உறை கழற்றாத ரிமோட், அதன் பேட்டரி மூடிக்குப் பதிலாக ஒரு ரப்பர் பேண்டு, கருவியின் மேல் போர்த்திய பூவேலைத் துணி, ஷோகேஸ். ஹோம் தியேட்டர் வாங்கிய வீடாயின் ஐந்து ஸ்பீக்கர்கள். கேட்பவரைச் சுற்றி நிற்க வேண்டிய அவை ஷோகேஸின் மேல்தட்டில் குரூப் போட்டோவுக்கு நிற்பதைப்போல் வரிசையாக நிற்கும். உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். இது கிளைமாக்ஸில் டிவிடி தட்டு நிற்கும்போது வெளிப்படும்.

கருவி வந்த வழிகள் பல. கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களுக்குச் சபராளிகள் துபாயிலிருந்து கொண்டுவந்தனர். மலேசியா, சிங்கப்பூர் வழியாகவும் வந்தது. இவ்வழிகளில்தான் உலகப் பெருநிறுவனங்கள் ஒரு தடை வைத்திருந்தன. டிவிடிக்காக அவை உலகை மண்டலங்களாகப் பிரித்தன: வளைகுடா 2, மலேசியாவும் சிங்கப்பூரும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. ஒரு மண்டலத்துத் தட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய தட்டு, முறையாகச் சுங்கம் கட்டிக் கொண்டுவந்த கருவியில் முரண்டு பிடிக்க, பஜாரில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய திருட்டு டிவிடி எல்லா மண்டலத்திலும் ஓடியது. பாக் நீரிணையில் எல்லை மதியாதது ரூபவாஹினி அலை மட்டுமில்லை என்பதற்கு இது சான்று.

2006-இல் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகத் தரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வாக்கில் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி விற்றது. இவ்வாறு படம் பார்ப்பதற்குரிய பொருளாதாரத் தடைகள் நீங்கின. எஞ்சியது படம் தெரிவதுதான்.

3. நால்வகைப் பள்ளிகள்

படக்கலக்கம் தீர்ப்பதில் நான்கு பள்ளிகள் உள்ளன.

தட்டல் பள்ளி: கருவியின் தலையில் உள்ளங்கையால் அடிப்பது. இப்பள்ளியை எள்ளுவோர் உண்டு. ஆயினும் பத்துக்கு மூன்று முறை படம் வந்துவிடும். தளர்ந்த இணைப்பொன்று அதிர்ச்சியில் ஒரு கணம் ஒட்டிக்கொள்வதே காரணம். இந்த மூன்று முறையால்தான் மீதி ஏழு முறையும் அடி விழுகிறது.

ஊதல் பள்ளி: தட்டின் மேலும் டிரேயின் உள்ளும் வாயால் ஊதுவது. உள்ளே ஒரு சிறு வில்லை வழியாக 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசர் தட்டைப் படிக்கிறது. அந்த வில்லை ஏற்கெனவே கடற்காற்றின் ஈரத்தோடும் தூசியோடும் போராடிக்கொண்டிருக்கிறது. ஊதுபவர் தம் பங்குக்கு ஆவி பிடிக்க வைக்கிறார்.

துடைத்தல் பள்ளி: கைலி நுனியால் தட்டை வட்டமாகத் துடைப்பது. நால்வரில் நோக்கம் தூயது இவர்களுடையதே. விளைவு மிகக் கொடியதும் இவர்களுடையதே. டிவிடியில் தகவல் ஒரே சுருள் தடமாக நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஏறக்குறைய நூறு தடங்கள் அடங்கும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சம்தான் தின்னும். அதைக் கருவி தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளும். தொடர்ச்சியாக அழிந்ததை நிரப்பக் கருவியால் ஆகாது. ஆகவே மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டில் துடைக்க வேண்டும். மணலில் உட்கார்ந்து எழுந்த கைலி பருத்தியே ஆனாலும் ஆகாது.

நிறம் கூட்டல் பள்ளி: ரிமோட்டில் வண்ணம், கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் அனைத்தையும் 100-க்கு ஏற்றுவது. கடையில் பளிச்சென்று தெரிந்தது வீட்டிலும் தெரிய வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. கடையில் பத்து டிவிகளுக்கு நடுவே கண்ணை இழுப்பதற்காக வைத்த அளவு அது. வீட்டில் அதே அளவில் கதாநாயகியின் கன்னம் ராமநாதபுரம் முண்டு மிளகாயாகச் சிவக்கும். அம்மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்னத்துக்கு அத்தகுதி இல்லை. ஷார்ப்னஸ் கூடினால் தெளிவு கூடாது. உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் கூடும். வண்ணத்தை 50-க்கும், ஷார்ப்னஸை 25-க்கும் இறக்குக. முதல் நாள் மங்கலாகத் தோன்றும். இரண்டாம் நாள் கறுப்புச் சட்டையில் மடிப்பு தெரியும்.

4. அரிப்பியல்

இனி மையப் பொருளுக்கு வருவோம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நின்ற இடம் உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் சூழல்களில் ஒன்று என்பர் பொறியாளர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இதற்கென்றே மண்டபத்தில் அரிப்பு ஆய்வு நிலையம் வைத்து, உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் காயப்போட்டு ஆராய்கிறது. அதே ஆய்வை இக்கரையின் ஒவ்வொரு வீடும் டிவிக்குப் பின்னால் செலவின்றி நடத்திவருகிறது. சோதனைப் பொருள் மஞ்சள் பின்.

கருவியோடு மூன்று தலை ஒயர் ஒன்று வரும்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. இந்த மஞ்சள் ஒயர் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்புகிறது. டிவி அவற்றை மறுபடி பிரிக்க வேண்டும். முழுதாகப் பிரிக்க முடியாமல் எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊரும், சிவப்புச் சேலை எல்லை தாண்டி வழியும். புது ஒயருக்கே இக்கதி. கடலைப் பார்த்த ஜன்னலோரம் இரண்டு மழைக்காலம் கண்ட பின்னில் பச்சைக் களிம்பு பிடித்த பிறகு, வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளையாகும். “காக்கா, பழைய படமா போட்டீங்க?” என்று கேள்வி எழும்.

மாற்று உண்டு. பல பிளேயர்களின் முதுகில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று துளைகள் இருக்கும். இவ்வழியில் வெளிச்சமும் வண்ண வேறுபாடுகளும் தனித்தனியே போவதால் எறும்பு ஊராது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒலிக்கும் ஒரு சிவப்பு, படத்துக்கும் ஒரு சிவப்பு. இரண்டையும் மாற்றிச் செருகினால் நடிகர்கள் பச்சை முகத்தோடு வருவார்கள்; ஒரு ஸ்பீக்கர் இரையும். ரிமோட்டிலுள்ள பி-ஸ்கேன் பட்டனை அமுக்கினால் பல கருவிகளில் இந்த மூன்று துளைகளின் வழியேதான் படம் வரும். மஞ்சள் ஒயர் மாட்டியிருந்தால் திரை வெறுமையாகும். இக்காரணத்தால் ‘கெட்டுப்போன’ பிளேயர்கள் ரிப்பேர் கடையில் ஒரே அமுக்கில் உயிர்த்தெழுந்து, கூலியும் பெற்றுத்தந்துள்ளன. எச்டிஎம்ஐ துளை இருக்கும் கருவியில் அதையே பயன்படுத்துக. ஒரே ஒயர், சிவப்புத் தகராறு இல்லை.

5. அகலத் திரையும் பெருத்த நாயகரும்

அகல டிவி வந்தபின் பழைய படங்களின் சதுரச் சட்டத்தை இழுத்து நிரப்பும் வழக்கம் பரவியது. 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருப்பார்கள். எம்.ஜி.ஆரைக்கூட இவ்வாறு பருக்கவிட்டுப் பார்த்திருக்கும் வீடுகள் உண்டு. காரணம் கேட்டால், “ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டா, காசு கொடுத்து வாங்குன டிவி சும்மா கிடக்குதே” என்பர். இந்த வாதத்துக்கு அறிவியலில் மறுப்பு உண்டு, வீட்டில் இல்லை. செட்டப் மெனுவில் டிவி வகையைச் சரியாகச் சொல்லிவிட்டு, டிவி ரிமோட்டில் ஜூமை எடுத்துவிட்டால் போதும்.

6. முடிவும் பரிந்துரையும்

முடிவு தெளிவு. தட்டுதலும் ஊதுதலும் செலவில்லாதவை, பார்வையாளர் முன்னிலையில் செய்யத்தக்கவை. ஆகவே அவை மரபாயின. ஒயர் மாற்றுவதற்கு டிவியை நகர்த்த வேண்டும், ஒட்டடையில் கைவிட வேண்டும், காசு கொடுக்க வேண்டும், பார்த்துப் பாராட்ட அங்கே ஆளும் இல்லை. ஆகவே அது மரபாகவில்லை.

பரிந்துரைகள்: மின்சாரத்தை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை பின்களைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுக. கருவியைக் கடற்காற்று நேராக வரும் ஜன்னலிலிருந்து நகர்த்துக. ஓடும்போது பூவேலைத் துணியை எடுத்துவிடுக. அதற்கு மூச்சு முட்டும். ஆண்டுக்கு ஒரு புது ஒயர் வாங்குக.

இத்தனையும் செய்த பிறகும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், தட்டின் உறையைத் திருப்பிப் பார்க்கவும். ஓர் அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 520 கிலோபைட் தரும். உறையில் ‘5 சூப்பர் ஹிட் படங்கள்’ என்று அச்சிட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்குச் சுமார் 104 கிலோபைட்தான் கிடைத்திருக்கும். அந்தத் தட்டுக்கு எந்த ஒயரும் உதவாது. பேசாமல் வசனத்தைக் கேட்டுக்கொள்ளவும்.