வில்லுக்கு வந்த வயது

நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கிற வில், ஓய்வு பெற்றும் ஆபீஸ் நேரத்துக்குக் கிளம்பி நிற்கும் ஆசாமி மாதிரி. கையால் செதுக்கிய என் மரவில்லுக்கு அந்த வயது வந்துவிட்டது.

வில்லில் இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். நசுங்கி நசுங்கி வயிற்று நார் தளர்ந்துவிடும். முதுகில் சிம்பு கிளம்பும். ஐம்பதைத் தாண்டிய எனக்கு இதை யாரும் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வைத்தியம் முதுகுக்குத்தான். அந்தக் காலத்தில் விலங்கின் தசைநாரை இடித்து, இழை இழையாகப் பிரித்து, தோலைக் காய்ச்சிய பசையில் தோய்த்து ஒட்டுவார்கள். "எந்த அடுப்பில் காய்ச்சுவதாக உத்தேசம்?" என்றாள் மனைவி. மூங்கில் பட்டையும் எபாக்சி பசையும் போதும் என்று அந்த நிமிடமே முடிவாயிற்று.

பசை இறுகும்வரை அழுத்திக் கட்ட, கிழித்த சைக்கிள் ட்யூபை மிஞ்சியது கிடையாது. பங்க்சர் கடைக்குப் போனேன்.

"எந்த வண்டிக்கு சார்?"

"வில்லுக்கு."

காசு வேண்டாம் என்றுவிட்டார். "கூட யாராச்சும் வந்திருக்காங்களா சார்?" என்று மட்டும் பரிவோடு விசாரித்தார்.

பட்டை ஒட்டியதும் வில் விறைத்துக்கொண்டது. மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுபோல வளையும்வரை வயிற்றைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். "வயிற்றைக் குறைக்கிறதில் இவ்வளவு அக்கறையா!" என்று வீட்டில் வியந்தார்கள்.

பழுது பார்த்தாயிற்று; இனிக் காப்பாற்றுவதுதான் பாடு. காப்பாற்றினால் வில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலை 1982-இல் தூக்கினார்கள். அதில் கிடைத்த யூ மர விற்கள் நூற்றுக்கு மேல். சிலவற்றில் நாணேற்றிக்கூடப் பார்த்தார்கள். சேறு மூடிக் காப்பாற்றியது என்கிறார்கள் நிபுணர்கள். கடலடிக்கு விருந்தாளிகள் வருவதில்லை என்பது என் கட்சி.

என் வீட்டுக்கு வருகிறார்கள். காபி வருவதற்குள் சுவரில் மாட்டிய வில் கைக்குப் போய்விடும். இழுத்து, அம்பில்லாமல் 'டங்'கென்று விடுவார்கள். அம்போடு போக வேண்டிய விசையெல்லாம் மரத்துக்குள்ளேயே திரும்பும். நல்ல வில்லே அதில் பிளந்துவிடும். இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன், யாரும் கேட்பதாக இல்லை. இப்போது வில்லுக்குக் கீழே ஓர் அட்டை தொங்குகிறது: "ஒடித்தவருக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் ஜனகரோடு முடிந்தது."