தேர், காளை, தேக்குத் தூண்

கே: சட்டசபை அனுப்பிய மசோதாவை ஆளுநர் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ப: நம்ம அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேந்தர் அவர்தான் தாயி, கவனமாகக் கேள். 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கெடு விதித்தார்கள். தமிழக ஆளுநரிடம் தேங்கிக் கிடந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். குடியரசுத் தலைவர் 14 கேள்விகள் அனுப்பினார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் சொன்ன பதில்: கோர்ட் கெடு வைக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது. காரணம் சொல்லாமல் நெடுநாள் உட்கார்ந்திருந்தால், ‘முடிவெடுங்கள்’ என்று மட்டும் உத்தரவிடலாம். அரசியல் சாசனத்தின் 200-ஆம் பிரிவில் இருப்பது ‘கூடிய விரைவில்’. அந்தச் சொல்லை நம்பி நகைக்கடையில்கூட யாரும் சீட்டுக் கட்டமாட்டார்கள்.

கே: காளைக்கு அடிப்படை உரிமை உண்டா? (மஞ்சுவிரட்டு ரசிகர், சிராவயல்)

ப: இல்லை. ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் வந்த தடையை 2017-இன் தமிழகச் சட்டம் தாண்டியது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் உயிர்களிடம் இரக்கம் காட்டுவது 51ஏ பிரிவின்படி உங்கள் கடமை. காளைக்கு உரிமை இல்லை, மாமா. கடமை உங்களுக்கு உண்டு. வாலை விடுங்கள்!

கே: ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்கிறார்களே, அது என்ன? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

ப: உங்கள் வீட்டிலேயே இருக்கிறது ஆச்சி. முகப்புக்கு வர்ணம் மாற்றலாம். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துப் புதுசு பதிக்கலாம். வளவின் தேக்குத் தூணைக் கழற்றி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் மராமத்தா? 1973 ஏப்ரல் 24, கேசவானந்த பாரதி வழக்கு: 13 நீதிபதிகள், 7க்கு 6. சாசனத்தில் பாராளுமன்றம் எதையும் திருத்தலாம், தூணில் மட்டும் கை வைக்கக் கூடாது.

கே: எது தூண் என்று யார் சொல்வது? (அவரது பேரன்)

ப: நீதிபதிகள். மக்கள் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு இவ்வளவு அதிகாரமா என்று சட்ட அறிஞர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். நியாயமான சண்டைதான். இருந்தாலும் நான் தூண் பக்கம். பிள்ளைகள் வீட்டைப் பிரிக்கும் வேகத்தைப் பார்த்தவன்.

கே: கீழடி மண் டெல்லிக்கா, சென்னைக்கா? (திருப்புவனம் வாசகர்)

ப: சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் பிரியுங்கள். தேசிய முக்கியத்துவம் பெற்ற சின்னம் ஒன்றியத்துக்கு; மற்ற தொல்லியல் இடங்கள் பொதுப்பட்டியலில். கீழடியில் 2018 முதல் தோண்டுவது தமிழகத் தொல்லியல் துறை. அதற்கு முன் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் ‘திருத்திக் கொண்டு வா’ என்று திரும்பியது. பானை ஓடு மண்ணுக்குள் பொறுமையாகக் கிடக்கும். வரி கட்டுகிறவன் ஏன் கிடக்கணும்? முதலில் அச்சில் வரட்டும். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்வோம்.

கே: நம் மாவட்ட வழக்கு சட்டப் புத்தகத்தில் உண்டா? (சட்ட மாணவர், சிவகங்கை)

ப: உண்டு. சிவகங்கை ஜமீன்தார் காலமானது 1829-இல். அவர் மகள் காத்தம நாச்சியாருக்கு லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீனைக் கொடுத்தது 1863-இல். வாய்தாவுக்கும் பாரம்பரியம் உண்டு தம்பி.

கே: தீண்டாமையை ஒழித்தாச்சு என்று 17-ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம் எதற்குக் கண்டதேவித் தேருக்காகக் கோர்ட், வழக்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை)

ப: ஒழித்தது சாசனம். வடத்தைக் கையில் கொடுக்க வேண்டியது ஊர். கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்; 1998-இல், யார் வடம் பிடிப்பது என்ற தகராறில் நின்றது. பிறகு நீதிமன்ற உத்தரவுகள், நடுவே தேர்ப் பழுது, பல ஆண்டு மௌனம். 2024 ஜூனில்தான் திருவிழாவில் புதுத்தேர் ஓடியது. கன்னம் முழுக்கக் கண்ணீரோடு பார்க்க வேண்டிய காட்சி அது, டீச்சர். ஆனால் வீதி நெடுகக் காக்கிச் சட்டை. அடுத்த தேரோட்டத்துக்குப் போனால் தேரைக் கும்பிட்டுவிட்டு, போலீஸ்காரர்களை எண்ணுங்கள். போன தடவையைவிடக் குறைந்திருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.