ரூட்டு அண்ணாச்சி

திருவேங்கடத்தைச் சுற்றிலும் கரிசல் காடு. வேகத்தடையைத் தவிர வண்டி ஏறி இறங்க ஒரு மேடு கிடையாது. ஆனாலும் மார்கழி பிறந்தால் டீக்கடை பெஞ்சில் ஒரு மலைப்பாதை நிபுணர் உதயமாவார். அவர்தான் ரூட்டு அண்ணாச்சி. நான்கு பேர் மூணாறு போகலாமா என்று முணுமுணுத்தால் போதும், வேன் பேசுவதற்கு முன் இவரிடம் பேசியாக வேண்டும்.

"ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி தேனியில டிபன். போடியிலேர்ந்து மலை. என்.எச். 85, கொச்சியில ஆரம்பிச்சு தொண்டி வரைக்கும் போகுது." தொண்டிக்கு யாரும் கிளம்பவில்லை, இருந்தாலும் தகவல் வந்துவிடும்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் வெறுங்கையில் ஸ்டியரிங் பிடித்து ஒடித்துக் காட்டுவார். பக்கத்தில் இருப்பவர் டீ கிளாஸோடு தள்ளி உட்காருவது உத்தமம்.

"பொழுதடையுமுன்ன ஏறிரணும். மழை பெஞ்சிருந்தா மண்ணு சரிஞ்சிருக்கான்னு போடியில கேட்டுட்டு ஏறு. மூடுபனியில ஹைபீம் போட்டா வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும், டிம்ல போ. ஏறி வார வண்டிக்கு வழி விடு. இறங்கையில பிரேக்கையே மிதிச்சுக்கிட்டிருந்தா சூடாகிப் பிடிக்காது. எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு."

இதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் கேட்பவருக்கு எரிச்சல். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்று 2017-ஆம் வருடத்து மத்திய அரசு விதிமுறையும் சொல்கிறது. அண்ணாச்சி அதைப் படித்தவரில்லை. அரசாங்கம் தன்னைக் கேட்டுத்தான் எழுதியது என்பதுபோல் தலையாட்டுவார்.

பிறகு சாமான் பட்டியல். ஸ்டெப்னியில் காற்று, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, டார்ச், மங்கி குல்லா. மூணாறில் மார்கழி, தை மாதங்களில் சில விடியற்காலை புல்மேல் உறைபனி படியும் என்பதால் கம்பளி ஆளுக்கொன்று; தனக்கு இரண்டு. புளியோதரை மட்டும் யார் வீட்டிலிருந்து என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்.

கிளம்புகிற அன்று முன்சீட்டு அவருக்குத்தான். வழி சொல்ல வேண்டுமே! மூன்றாவது வளைவில் பேச்சு நிற்கும். ஐந்தாவதில் கண் மூடும். எலுமிச்சம்பழம் மூக்கை விட்டு இறங்காது.

"அண்ணாச்சி, இது எத்தனாவது வளைவு?" என்பார் டிரைவர், வேண்டுமென்றே.

"எண்ணிக்கிட்டுத்தானடே வாரேன், ரோட்டைப் பாத்து ஓட்டு."

மெட்டில் இறங்கி, வேன் கதவைப் பிடித்து நின்று, ஒரு கட்டன் சாயா உள்ளே போனதும் குரல் திரும்பிவிடும். "திரும்பையில குமுளி வழியா இறங்குவோம். அதுல வளைவு கம்மி."

மூணாறிலிருந்து குமுளி வரைக்கும் உள்ள வளைவுகளைப் பற்றி டிரைவர் வாயே திறப்பதில்லை.