பூசணிக்காய்க்குக் கவச வண்டி

ஏலே பேராண்டி, இண்டியானாவுல கவுன்டி ஆபீஸ்ல சேந்துட்ட, சந்தோசம். பயங்கரவாதத்தைத் தடுக்க, பேரிடருக்குத் தயாராக கவர்மென்டு மானியம் கேட்டு மனு எழுதணும்னு சொன்னேல்லா? தாத்தா சொல்லுததைக் கேட்டுட்டுப் பேனாவைத் தொடு.

ஊர்ல என்ன ஆபத்துன்னு யோசிச்சு மண்டையைப் போட்டு உடைக்காத. என்னெல்லாம் இருக்குன்னு எண்ணு, போதும். 2006ல உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வச்சிருந்த முக்கிய இடங்கள் பட்டியல்ல 77,069 இடம். உங்க இண்டியானாவுக்கு மட்டும் 8,591. ரெண்டு கோபுரம் இடிஞ்ச நியூயார்க் மாநிலத்துக்கு 5,687தான். பாவம், எண்ணத் தெரியாத சனம்! டென்னசியில கோவேறு கழுதை ஊர்வலம், அலபாமாவுல பிள்ளைக ஆட்டுக்குட்டியைத் தடவிப் பாக்குற பண்ணை, எல்லாம் பட்டியல்ல உண்டும். உங்க பெர்ன் ஊர்ச் சோளப்பொரிக் கடையும் இருந்துச்சு. சோளம் வெடிக்கும்லா, அதனாலதானோன்னு கடைக்காரரே சிரிச்சாராம். ‘தெருக்கோடிக் கடற்கரை’ன்னு ஒண்ணு, பேரு அம்புட்டுத்தான். அந்தப் பேரை வச்சுத் தேடுனா குண்டு வைக்க வந்தவனும் அலுத்துப் போய் ஊருக்குப் பஸ் ஏறிருவான்.

பணம் ஆபத்தைப் பாத்துப் போகணும்னு 9/11 விசாரணைக் குழு 2004லயே சொல்லிருச்சு. ஆனா 2006ல நியூயார்க் நகரத்தோட மானியம் 20 கோடிச் சொச்சம் டாலர்லேருந்து 12 கோடிச் சொச்சத்துக்கு இறங்கிச்சு.

நியூ ஹாம்ப்ஷயர்ல கீன்னு ஒரு ஊரு, 23,000 சனம். கவச வண்டிக்கு மனுப் போட்டவங்க பூசணிக்காய்த் திருவிழாவையும் காரணமா எழுதுனாங்க. வண்டி வந்துருச்சுடே! நம்மூர்ல வீட்டுக்குத் திருஷ்டி படாம பூசணிக்காயைக் கட்டுதோம். அங்க பூசணிக்காய்க்கே திருஷ்டி கழிச்சிருக்காங்க. மிச்சிகன்ல 13 ஐஸ் சீவுற மெஷின் வாங்குனாங்க. வெயில்ல சுருண்டவனுக்கு வைத்தியமாம். டாம் கோபர்ன்னு ஒரு செனட்டர் 2012ல இதையெல்லாம் தோண்டி எடுத்து அறிக்கையாப் போட்டாரு. அவருக்கு ஐஸ் பிடிக்காது போல.

கடைசிப் பக்கத்துல இடம் மிஞ்சுனா, தீயணைப்புக்காரங்களுக்கு நல்ல ரேடியோ வேணும்னும் ஒரு வரி எழுது. 9/11 அன்னிக்கு வடக்குக் கோபுரத்துல ‘இறங்கி வாங்க’ன்னு குடுத்த உத்தரவு எத்தனையோ பேரு காதுல விழவே இல்லை. ஆனா ரேடியோ மேல ஏறி நின்னு உங்க தலைவரு போட்டோவுக்குச் சிரிக்க முடியாது பாரு. அதனால சின்ன எழுத்துலயே எழுது, அவரு கண்ணுல பட்டா அடிச்சிருவாரு.