மலைக்கு முதுகு காட்டி நின்றவர்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நிற்கிற அத்தனை பேரும் மேற்கே அண்ணாந்து பார்ப்பார்கள். கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. தீபம் மேற்கில்தான் தெரியும். அந்த நேரத்தில் கிழக்கே பார்த்து நிற்பவர்கள் காக்கி உடுப்புக்காரர்கள் மட்டுமே. என் அம்மா அப்படி நின்றவர்.

வேலூரிலிருந்து அநேகமாக வருஷா வருஷம் தீபத்துக்கு பந்தோபஸ்து போட்டுவிடுவார்கள். அண்ணாமலையார்மேல் அம்மாவுக்கு அப்படியொரு பக்தி. திங்கட்கிழமை விரதம் இருப்பார். சட்டைப் பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் மடித்த காகிதத்தில் விபூதி இருக்கும். ஆனால் 2,668 அடி உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறுகிற நிமிஷத்தை, வேலையில் இருந்தவரை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அந்த நேரத்துலதான்டி கூட்டம் ஒரு அடி முன்னால தள்ளும். குழந்தைங்க கை நழுவுறதும் அப்பதான். நானும் மலையைப் பார்த்துட்டு நின்னா அதுங்கள யாரு பார்ப்பா? அரோகரான்னு சத்தம் வரும், எல்லார் கையும் தலைக்கு மேல போகும். ஏத்திட்டாங்கன்னு எனக்கு அதுலயே தெரிஞ்சுடும்."

நள்ளிரவுக்குமேல் ஊருக்கு பஸ் ஏறும்போதுதான் திரும்பி நின்று கும்பிடுவாராம்.

பந்தோபஸ்துக்கு அம்மா எடுத்துப்போகும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் நிரம்பியபடி போய் நிரம்பியபடியே திரும்பி வரும். குடிக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, அதைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். நான் பெரியவளான பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வீதியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது. விடியற்காலையில் அரை டம்ளர் காபியோடு சரி, அப்புறம் இரவுவரை வாயில் ஒரு சொட்டு படாது. மாதவிடாய் நாளாக இருந்தாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்று வந்து வந்து போனது. "நிறையத் தண்ணி குடிங்கம்மா" என்று டாக்டர் சொல்ல, அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 காவலர்கள், அவ்வளவுதான். அம்மா சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அன்று பேறுகால விடுப்பு 90 நாள். எனக்குத் தலை நிற்பதற்குள் அம்மா பாராவுக்குப் போய்விட்டார். பாட்டிதான் வளர்த்தார். 2021 முதல் அந்த விடுப்பு 12 மாதம்.

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. சில வருஷம் கழித்து அம்மாவையும் அப்படியொரு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய், சுவரோர பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்படி ஒருநாள் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. உதடு வீங்கிய ஒரு பெண் வந்து நின்றார். என்ன ஏது என்று அம்மா கேட்கவில்லை. தன் மேஜையில் இருந்த டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "மொதல்ல தண்ணியக் குடி. சாப்ட்டியா?" அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடவே இல்லை. பிறகு மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். நடுவில் அழுதபோது எழுதுவதை நிறுத்திக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்து அம்மா எந்தப் புகாரையும் "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்பியதில்லை.

35 வருஷம் வேலை பார்த்து, எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். முதலமைச்சர் போகும் வழிகளில் பெண் போலீஸைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. பேப்பரை நான்தான் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. "நல்லது. புள்ளைங்க நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம், "திருவிழாவுக்கு என்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். அடுத்த வருஷம் போய்விட்டார்.

2023இல் பெண் போலீஸ் பொன்விழா நடந்தபோது, அவர்களுக்கு ரோல் கால் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். படித்ததும் என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. ஏழு மணி ரோல் காலுக்காக அம்மா ஐந்து மணிக்கே என்னை எழுப்பி உட்கார வைத்து ரெட்டைச் சடை போடுவார். நான் அவர் முழங்கால்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே இருப்பேன். சாயங்காலம்வரை அவிழக் கூடாதென்று ரிப்பனை இழுத்துக் கட்டும்போது மட்டும் சுருக்கென்று விழிப்பு வரும். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ பேசியிருப்போம்.

போன தீபத்துக்கு முதல்முறையாகத் திருவண்ணாமலை போனேன், அம்மாவுக்காகப் பார்த்துவிட்டு வரலாம் என்று. ஆறு மணி நெருங்கியது. எங்களுக்கு எதிரே, தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் போலீஸ். இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. மலைக்கு முதுகைக் காட்டி நின்று, எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "சார், பையன் காலக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்று யாரிடமோ சொன்னார். அரோகரா என்று வீதியே அதிர்ந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணைவிட்டுக் கண் நகரவில்லை.

கூட்டம் கொஞ்சம் தளர்ந்ததும் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "குடிம்மா."

சிரித்தபடி வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ்க்கா, டியூட்டி முடியட்டும்" என்று, மூடியைத் திறக்காமலே தடுப்புக் கட்டையின் ஓரமாக வைத்தார்.